வாக்காளர் ஒப்புதலும் ஒன்பது மடங்குக் கடனும்: பவ்வே பள்ளி மாவட்டக் கடன் பத்திரங்கள் குறித்த நிகழ்வு ஆய்வு

கலிபோர்னியா மாநிலத்தில், சான் டியேகோ நகருக்கு வடக்கே உள்ள பவ்வே ஒருங்கிணைந்த பள்ளி மாவட்டம், 2011-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் கடன் பத்திரங்களை விற்றுச் சுமார் 10.5 கோடி டாலர் திரட்டியது. அந்தக் கடனுக்கு 2033 வரை அசலாகவோ வட்டியாகவோ எதையும் செலுத்த வேண்டியதில்லை. ஆனால் 2033 தொடங்கி 2051 வரை செலுத்தித் தீர்க்க வேண்டிய மொத்தத் தொகை சுமார் 98.1 கோடி டாலர். அதாவது வாங்கியதைப் போல ஒன்பது மடங்குக்கும் மேல். பள்ளிக்கூடக் கட்டடங்களைப் புதுப்பிப்பதற்காக வாக்காளர்கள் முறைப்படி வாக்களித்து ஒப்புக்கொண்ட திட்டத்தின் கீழ்தான் இந்தக் கடன் வாங்கப்பட்டது.

இத்தகைய கடனை அன்றைய சட்டம் தடுக்கவில்லை. தேர்தல் நடந்தது, வாக்குகள் எண்ணப்பட்டன, பள்ளிகள் புதுப்பிக்கப்பட்டன, வரி விகிதத்தை உயர்த்துவதில்லை என்ற வாக்குறுதியும் காப்பாற்றப்பட்டது. இவ்வளவும் ஒழுங்காக நடந்த பிறகும் முடிவு இப்படி அமைந்தது எவ்வாறு என்பதுதான் ஆராய வேண்டிய கேள்வி. என் பார்வையில் விடை இதுதான்: எவ்வளவு கடன் வாங்கலாம், ஆண்டுதோறும் எந்த விகிதத்தில் வரி கட்டுவோம் என்ற இரண்டு எண்களுக்கே வாக்காளர்கள் ஒப்புதல் தந்தார்கள், எத்தனை ஆண்டுகள் கட்டுவோம் என்ற மூன்றாவது எண் அவர்கள் முன் வைக்கப்படவேயில்லை. இரண்டு எண்களை இறுகக் கட்டிவிட்டு மூன்றாவதைக் கட்டாமல் விட்டால், நெருக்கடி வரும்போது பாரம் முழுவதும் அந்த மூன்றாவதன் மேல்தான் இறங்கும்.

சட்டம் வந்த வழி

கலிபோர்னியாவில் பள்ளி மாவட்டம் என்பது தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு வாரியத்தின் கீழ் இயங்கும் தனி உள்ளாட்சி அமைப்பு. நகராட்சிக்கோ, மாநிலத்தின் உட்பிரிவான கவுண்டியின் நிர்வாகத்துக்கோ கட்டுப்பட்டதல்ல. அன்றாடச் செலவுக்கான பணத்தில் பெரும்பகுதி மாநில அரசிடமிருந்து வருகிறது. கட்டடம் என்று வந்துவிட்டால் மாவட்டம் தன் எல்லைக்குள் இருக்கும் சொத்துகளைப் பிணையாக வைத்துப் பொதுக் கடன் பத்திரம் வெளியிட வேண்டும். அதற்கு வாக்காளர் ஒப்புதல் வேண்டும். கடன் தீரும் வரை, அந்த எல்லைக்குள் வீடோ கடையோ நிலமோ வைத்திருப்பவர்கள் சொத்து வரியோடு சேர்த்துக் கூடுதல் வரி செலுத்துவார்கள்.

கலிபோர்னியாவில் பள்ளிக் கட்டடம் என்பது மற்ற கட்டடங்களைப் போல எளிதாக முடிகிற காரியம் அல்ல. 1933-ஆம் ஆண்டு மார்ச் 10-ஆம் நாள் மாலை லாங் பீச் பகுதியைத் தாக்கிய நிலநடுக்கத்தில் ஏராளமான பள்ளிகள் இடிந்தும் பயன்படாமலும் போயின. வகுப்புகள் முடிந்த பிறகு நேர்ந்ததால்தான் பிள்ளைகள் பெருமளவில் தப்பினார்கள். ஒரே மாதத்தில் ஃபீல்டு சட்டம் இயற்றப்பட்டு, அரசுப் பள்ளிக் கட்டடங்களின் வரைபடத்தையும் கட்டுமானத்தையும் மாநிலக் கட்டடக் கலை அலுவலகம் நேரடியாகச் சரிபார்க்கும் முறை வந்தது. பிள்ளைகளின் உயிரைக் காக்கும் இந்த ஏற்பாடு மிகவும் தேவையானது. அதே வேளையில் செலவையும் உயர்த்தக்கூடியது. எனவே பழைய பள்ளியைப் புதுப்பிப்பது என்றாலே பெருங்கடன் என்பது அங்கே வழக்கமாகிவிட்டது.

அந்தக் கடனுக்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்காளர்களின் ஒப்புதல் வேண்டும் என்பது 1879-ஆம் ஆண்டு அரசியல் சாசனக் காலத்திலிருந்து வந்த விதி. 1978 ஜூன் மாதம் மாநில வாக்காளர்களின் நேரடி வாக்கெடுப்பில் நிறைவேறிய 13-ஆம் முன்மொழிவு நிலைமையை இன்னும் இறுக்கியது. சொத்து வரி, வரிக்காகக் கணிக்கப்படும் சொத்து மதிப்பில், அதாவது மதிப்பீட்டில், 1 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. மதிப்பீடும், சொத்து கைமாறும் வரை, ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் உயரக் கூடாது. புதிய கடனுக்காக இந்த 1 விழுக்காட்டுக்கு மேல் வரி விதிக்கும் வழி அடைபட்டதால், அடுத்த எட்டு ஆண்டுகளுக்கு உள்ளாட்சி அமைப்புகளால் இத்தகைய பத்திரங்களைப் புதிதாக வெளியிட முடியாமல் போயிற்று. 1986-இல் 46-ஆம் முன்மொழிவு அந்த வழியைத் திரும்பத் திறந்தது. மூன்றில் இரண்டு பங்கு என்ற வாசல் மட்டும் அப்படியே நின்றது. நூற்றுக்கு அறுபது பேர் ஆதரித்தும் பள்ளித் திட்டங்கள் தோற்றுப் போவது சாதாரணமாக நடந்தது.

2000-ஆம் ஆண்டு நவம்பரில் வந்த 39-ஆம் முன்மொழிவு அந்த அளவை 55 விழுக்காடாகக் குறைத்தது. குறைத்ததற்கு ஈடாகச் சில நிபந்தனைகளையும் விதித்தது. எந்தெந்தப் பள்ளியில் என்ன வேலை என்ற பட்டியலை முன்கூட்டியே வெளியிட வேண்டும். பணத்தை நிர்வாகச் சம்பளத்துக்குத் திருப்பக் கூடாது. ஆண்டுதோறும் நிதித் தணிக்கையும் செயல்பாட்டுத் தணிக்கையும் நடத்த வேண்டும். குடிமக்கள் மேற்பார்வைக் குழு ஒன்று அமைக்க வேண்டும். இவற்றோடு ஒரு வரி வரம்பும் உண்டு. தொடக்கப் பள்ளியையும் உயர்நிலைப் பள்ளியையும் சேர்த்து நடத்தும் ஒருங்கிணைந்த பள்ளி மாவட்டமாக இருந்தால், ஒரு தேர்தலில் ஒப்புதல் பெற்ற கடனுக்காக 1,00,000 டாலர் மதிப்பீட்டுக்கு ஆண்டுக்கு 60 டாலருக்கு மேல் வரி தேவைப்படாது என்று பத்திரம் வெளியிடும் நேரத்தில் கணக்குக் காட்ட வேண்டும். நல்ல எண்ணத்தோடு எழுதப்பட்ட விதிகள்தான் இவை. ஆயினும் இவற்றில் எதுவும் கடனின் ஆயுளைப் பற்றியோ, திருப்பிச் செலுத்தும் மொத்தத் தொகையைப் பற்றியோ பேசவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

சான் டியேகோ கவுண்டியில் வீடு வைத்திருப்பவருக்கு இலையுதிர் காலத்தில் வரும் வரிச்சீட்டைப் பார்த்தால் இந்த ஏற்பாடு கண்ணுக்குத் தெரியும். முதல் வரியில் 1 விழுக்காட்டு அடிப்படை வரி இருக்கும். அதன் கீழே, வாக்காளர் ஒப்புதல் பெற்ற ஒவ்வொரு கடனும், எந்தப் பள்ளி மாவட்டம், எந்தக் கல்லூரி மாவட்டம் என்று தனித்தனி வரியாக, அதனதன் விகிதத்தோடு அச்சாகியிருக்கும். டிசம்பர் 10-க்குள் ஒரு தவணை, ஏப்ரல் 10-க்குள் மறு தவணை. இந்த ஆண்டு எவ்வளவு கட்ட வேண்டும் என்பதை அந்தச் சீட்டு மிகத் துல்லியமாகச் சொல்லும். கடன் எந்த ஆண்டில் முடியும், இன்னும் எவ்வளவு மீதி என்பதற்கு அதில் இடமே இல்லை.

பவ்வேயில் நடந்தது

பவ்வே மாவட்டம், பவ்வே நகரத்தோடு சான் டியேகோ நகரின் ராஞ்சோ பெர்னார்டோ, ராஞ்சோ பெனஸ்கிட்டோஸ் போன்ற குடியிருப்புப் பகுதிகளையும் உள்ளடக்கியது. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் பெரிய மாவட்டம். கல்வித் தரத்துக்குப் பெயர் பெற்றது. அந்தப் பள்ளிகளுக்காகவே அங்கே வீடு வாங்குபவர்கள் பலர்.

2002 நவம்பரில், பழைய பள்ளிகள் 24-ஐப் புதுப்பிப்பதற்காக 19.8 கோடி டாலர் கடனுக்கு வாக்காளர்கள் ஒப்புதல் தந்தார்கள். வரி 1,00,000 டாலர் மதிப்பீட்டுக்கு 55 டாலர் என்று சொல்லப்பட்டது. 5,00,000 டாலர் மதிப்பீடுள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 275 டாலர். வேலை பாதியில் நிற்கும்போதே பணம் போதாது என்பது தெரிந்துவிட்டது. மீதிப் பள்ளிகளை முடிக்க 2008 பிப்ரவரியில் மேலும் 17.9 கோடி டாலருக்கு, ‘முன்மொழிவு சி’ என்ற பெயரில், இரண்டாம் முறையாக வாக்காளரிடம் போனார்கள்.

இந்த இரண்டாம் வாக்கெடுப்பில் சொல்லப்பட்ட வாக்குறுதிதான் பின்னால் நடந்த அனைத்துக்கும் ஆணிவேர். வரி விகிதம் உயராது. இப்போது கட்டும் அதே 55 டாலர் விகிதம்தான் தொடரும். அது நீடிக்கும் காலம் மட்டும் கூடும் என்றார்கள். வாக்குக் கேட்பவருக்கு இதைவிட வசதியான சொல் கிடையாது. பக்கத்துத் தெருவில் பாதிப் பள்ளிகள் புதுப்பொலிவோடு நிற்க, தன் பிள்ளை படிக்கும் பள்ளியில் பழைய கூரையும் பழைய மின்கம்பியுமாக இருப்பதைப் பார்க்கும் பெற்றோர், கூடுதல் வரி இல்லாமலேயே அது சீராகும் என்றால் ஏன் மறுக்கப் போகிறார்கள்? நானும் அந்த ஊர் வாக்காளராக இருந்திருந்தால் ஆதரித்தே வாக்களித்திருப்பேன். திட்டம் 55 விழுக்காட்டை எளிதாகத் தாண்டியது.

அதே ஆண்டில் வீட்டுச் சந்தை சரிந்தது. பழைய கணக்குகள் எல்லாம் சொத்து மதிப்பு தொடர்ந்து உயரும் என்ற அடிப்படையில் போடப்பட்டவை. மதிப்பு உயர்ந்துகொண்டே போனால், 55 டாலர் விகிதமே ஆண்டுக்கு ஆண்டு கூடுதல் பணத்தைத் தரும். அந்தக் கூடுதலை வைத்துப் புதிய கடனின் தவணையைக் கட்டலாம். மதிப்பு தேங்கியதும் கூடுதல் என்று ஒன்று இல்லாமல் போயிற்று. 55 டாலர் விகிதத்தில் வந்த வரி, முன்பு வாங்கிய கடன்களுக்கே சரியாக இருந்தது. அந்தப் பழைய கடன்கள் தீரும் காலம்தான் 2033-ஐ ஒட்டி வருகிறது.

மாவட்டத்தின் முன்னால் இருந்த வழிகள் மூன்று. வாக்காளரிடம் திரும்பிச் சென்று, நிலைமை மாறிவிட்டது, வரி விகிதத்தை உயர்த்தினால்தான் முடியும் என்று கேட்டிருக்கலாம். சந்தை மீளும் வரை வேலையை ஒத்திப் போட்டிருக்கலாம். அல்லது, 2033 வரை ஒரு தவணைகூடக் கேட்காத கடனைத் தேடியிருக்கலாம். மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தார்கள். வேலையை நிறுத்தவில்லை, வரியை உயர்த்தவில்லை, சொன்ன சொல்லைக் காப்பாற்றினோம் என்பதே மாவட்டத் தரப்பின் விளக்கமாக இருந்தது. எழுத்தளவில் அது உண்மைதான்.

வட்டியின் கணக்கு

சாதாரணக் கடன் பத்திரத்தில், வாங்கிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை வட்டி கட்டப்படும். அசலும் ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். பவ்வே விற்றது ‘கேப்பிட்டல் அப்ரிசியேஷன் பாண்டு’ எனப்படும் வேறு வகை. இதில் இடையில் வட்டி கட்டப்படுவதில்லை. சேர்கிற வட்டி அசலோடு கூடி, அதற்கும் வட்டி ஏறி, முதிர்வு நாளில் மொத்தமாகத் தர வேண்டும். அஞ்சலகத்தில் கிசான் விகாஸ் பத்திரம் வாங்கியவருக்கு இது புரியும்: இடையில் எதையும் எடுக்காமல் விட்டால் பணம் இரட்டிப்பாகித் திரும்பி வருகிறது. பவ்வே விவகாரத்தில் பள்ளி மாவட்டம் இருப்பது பணம் போட்டவரின் இடத்தில் அல்ல, அஞ்சலகத்தின் இடத்தில்.

எடுத்துக்காட்டாக, 7 விழுக்காட்டுக் கூட்டு வட்டியில் 100 டாலரை வைத்துப் பார்ப்போம். 22 ஆண்டு கழித்து அது 443 டாலராகும். 30 ஆண்டில் 761. 40 ஆண்டில் 1,497. முதல் 22 ஆண்டில் 343 டாலர் கூடிய கடன், அடுத்த 18 ஆண்டில் ஆயிரத்துக்கும் மேல் கூடுகிறது. 2011-இல் வாங்கி 2033-க்கும் 2051-க்கும் இடையில் முதிர்கிற பத்திரங்களுக்கு ஒன்பது மடங்கு வந்தது ஏன் என்பதை இந்த மூன்று எண்களே காட்டிவிடும். கொள்ளை வட்டி தேவையில்லை. நடுத்தரமான வட்டியும் நீண்ட காலமும் போதும்.

இதற்கு மாறாக, அதே 10.5 கோடி டாலரை 5 விழுக்காட்டு வட்டியில், 30 ஆண்டுச் சமத் தவணைகளாகக் கட்டியிருந்தால் மொத்தம் ஏறக்குறைய 20.5 கோடி டாலர் ஆகியிருக்கும். இரண்டு மடங்குக்கும் சற்றுக் குறைவு. 20.5 கோடிக்கும் 98.1 கோடிக்கும் இடையிலான வேறுபாடு, 22 ஆண்டுக் காலம் எதையும் கட்டாமல் இருப்பதற்காகவும், அதற்குப் பிறகும் நீண்ட காலம் இழுப்பதற்காகவும் தரப்படும் விலை.

இன்னொரு நிபந்தனையும் இதில் இருந்தது; அதுவே மிகக் கொடியது என்று நினைக்கிறேன். இந்தப் பத்திரங்களை முதிர்வுக்கு முன் திருப்பி அடைத்துத் தீர்க்க மாவட்டத்துக்கு உரிமை இல்லை. பொதுவாக உள்ளாட்சிப் பத்திரங்களில், பத்தாண்டுக்குப் பின் வட்டி விகிதம் குறைந்திருந்தால் பழைய கடனை அடைத்துவிட்டுக் குறைந்த வட்டிக்குப் புதிய கடன் வாங்கிக்கொள்ளலாம் என்ற விதி இருக்கும். 2011-க்குப் பிந்தைய பத்தாண்டுகளில் வட்டி மிகவும் தாழ்ந்தது. எத்தனையோ உள்ளாட்சி அமைப்புகள் அந்த வாய்ப்பைப் பயன்படுத்திக்கொண்டன. பவ்வே இந்தக் கடனைப் பொறுத்தவரை வேடிக்கை பார்க்கத்தான் முடிந்தது.

மேற்பார்வையின் எல்லை

குடிமக்கள் மேற்பார்வைக் குழு என்ன செய்தது என்று கேட்பது இயல்பு. 39-ஆம் முன்மொழிவையொட்டிய சட்டம் அந்தக் குழுவுக்குத் தந்த வேலை, பணம் எப்படிச் செலவாகிறது என்பதைப் பார்ப்பது. பட்டியலில் இல்லாத வேலைக்குப் பணம் போயிற்றா, சம்பளத்துக்குத் திருப்பிவிட்டார்களா என்று அது கேட்கலாம். பணம் எந்த நிபந்தனையில் கடனாக வாங்கப்படுகிறது என்பது அதன் வரம்புக்குள் வராது. தணிக்கையாளரின் நிலையும் கிட்டத்தட்ட அதுவே: ரசீதும் ஒப்பந்தமும் சரியாக இருந்தால் அறிக்கை சுத்தமாக வரும். செங்கல்லுக்கும் சிமென்ட்டுக்கும் இத்தனை கண்களை வைத்த சட்டம், கடன் பத்திரத்தின் முதிர்வு அட்டவணைக்கு ஒரு கண்ணையும் வைக்கவில்லை.

ஆலோசனை சொன்னவர்களின் நிலையையும் பார்க்க வேண்டும். இத்தகைய விற்பனைகளில் நிதி ஆலோசகருக்கும், பத்திரங்களை வாங்கிச் சந்தையில் விற்கும் நிறுவனத்துக்கும், சட்ட ஆலோசகருக்கும் கட்டணம் பெரும்பாலும் விற்பனை முடிந்தால்தான் கிடைக்கும். ‘இப்போது வாங்க வேண்டாம், மூன்று ஆண்டு பொறுங்கள்’ என்று சொல்பவருக்கு வருமானம் இல்லை. கலிபோர்னியாவில் பத்திர நிறுவனங்கள் வாக்கெடுப்புப் பிரசாரத்துக்கே உதவிவிட்டுப் பின்னர் அதே மாவட்டத்தின் பத்திரங்களை விற்கும் ஒப்பந்தத்தைப் பெறும் பழக்கம் நெடுங்காலம் இருந்தது. அப்படிப் பிரசார உதவிக்குக் கைம்மாறாக ஒப்பந்தம் தருவது சட்டத்துக்குப் புறம்பானது என்று மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகம் 2016-இல் கருத்துரை வழங்கியது.

இவை அனைத்தையும்விட என்னைக் கலங்க வைப்பது, இரண்டு ஆவணங்களுக்கு இடையே உள்ள முரண். வாக்காளருக்குச் சொல்லப்பட்டது, வரி விகிதம் 55 டாலரைத் தாண்டாது என்பது. அது எதிர்பார்ப்பு, சந்தை எப்படிப் போகும் என்ற ஊகத்தின் மேல் நிற்பது. பத்திரம் வாங்கும் முதலீட்டாளருக்குத் தரப்படுவது வேறு உறுதி. கலிபோர்னியாவில் பள்ளி மாவட்டங்கள் வெளியிடும் பொதுக் கடன் பத்திரங்களில், கடனைக் கட்டத் தேவையான வரியை, விகிதத்துக்கோ தொகைக்கோ வரம்பு இல்லாமல் விதிக்கக் கவுண்டி நிர்வாகம் கடமைப்பட்டது என்ற வாசகம் இருக்கும். 60 டாலர் என்ற சட்ட வரம்பும் பத்திரம் வெளியிடும் நாளில் காட்ட வேண்டிய கணக்கே தவிர, பின்னாளில் விதிக்கப்படும் வரிக்கு உச்சவரம்பு அல்ல. எதிர்பார்த்தபடி சொத்து மதிப்பு உயராவிட்டால், முதலீட்டாளருக்குத் தந்த உறுதிதான் நிறைவேற்றப்படும். வாக்காளருக்குத் தந்த சொல் பின்வாங்கும்.

செய்தி வெளிவந்ததும் சட்டம் மாறியதும்

விற்பனை நடந்து ஓராண்டு வரை இதைப் பெரிதாக யாரும் பேசவில்லை. 2012 ஆகஸ்டில் ‘வாய்ஸ் ஆஃப் சான் டியேகோ’ என்ற உள்ளூர் இணையச் செய்தி நிறுவனம் எண்களை விளக்கமாக வெளியிட்ட பிறகே நாடு முழுவதும் இது பேசுபொருளானது. பவ்வே தனித்த நிகழ்வு அல்ல என்பதும் அப்போது தெரிய வந்தது. ஆரஞ்சு கவுண்டியின் நியூபோர்ட்-மீசா மாவட்டம் 8.3 கோடி டாலருக்கு 54.8 கோடி டாலர் திருப்பித் தர வேண்டியிருந்தது. லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் நாளிதழ் திரட்டிய கணக்கில், மாநிலத்தின் சுமார் 200 பள்ளி, கல்லூரி மாவட்டங்கள் 2007 முதல் இத்தகைய நெடுங்காலப் பத்திரங்களை வெளியிட்டிருந்தன. அப்போதைய மாநிலக் கருவூலர் பில் லாக்யர், இந்தக் கடன்களைக் கடுமையாகக் கண்டித்து, இவற்றுக்கு ஒப்புதல் தந்த வாரியங்களை வாக்காளர்கள் பதவியிலிருந்து இறக்க வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார். மிச்சிகன் மாநிலம் இந்த வகைப் பத்திரத்தை 1994-லேயே பள்ளிகளுக்குத் தடை செய்திருந்தது.

இந்த வகைக் கடன் எப்போதுமே தவறு என்று சொல்லிவிட முடியுமா என்பதற்கு, சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியின் மேற்குக் கான்ட்ரா கோஸ்டா மாவட்டத்தைப் பார்க்க வேண்டும். 2010-இல் கூட்டாட்சி அரசின் வட்டி மானியத்தோடு 2.5 கோடி டாலர் கடன் கிடைக்கும் வாய்ப்பு அதற்கு இருந்தது. அதைப் பெறுவதற்கு முதலில் 25 லட்சம் டாலர் கையில் வேண்டும். அந்த 25 லட்சத்தை இத்தகைய பத்திரம் மூலம் திரட்டினார்கள். அதற்குத் திருப்பித் தர வேண்டியது 3.4 கோடி டாலர். தனியாகப் பார்த்தால் பவ்வேயைவிட மோசமான விகிதம். ஆனால் அந்த வட்டாரத்துக்கு மிகவும் தேவைப்பட்ட ஒரு தொடக்கப் பள்ளிக்கான மானியக் கடன் அதன் மூலமே கைக்கு வந்தது என்று வாரியத் தலைவர் வாதிட்டார். அந்த வாதத்தில் ஓரளவு நியாயம் இருக்கிறது. தொகை சிறியது, நோக்கம் குறுகியது, எதற்கு ஈடாக எதைக் கொடுக்கிறோம் என்பது எடுத்துச் சொல்லக்கூடியதாக இருந்தது. பவ்வேயில் கொடுக்கப்பட்டது 22 ஆண்டு மௌனத்துக்கான விலை.

2013-இல் மாநிலச் சட்டமன்றம் ஏபி 182 என்ற சட்டத்தை நிறைவேற்ற, ஆளுநர் ஜெர்ரி பிரவுன் அதில் கையெழுத்திட்டார். 2014 ஜனவரியிலிருந்து அது நடைமுறைக்கு வந்தது. அதன்படி, இவ்வகைப் பத்திரத்தின் ஆயுள் 25 ஆண்டைத் தாண்டக் கூடாது. திருப்பிச் செலுத்தும் மொத்தத் தொகை அசலைப் போல் நான்கு மடங்குக்கு மேல் போகக் கூடாது. பத்தாண்டுக்கு மேற்பட்ட பத்திரமாக இருந்தால் பத்தாம் ஆண்டுக்குள் முன்கூட்டி அடைக்கும் உரிமை இருக்க வேண்டும். சாதாரணப் பத்திரத்தோடு ஒப்பிட்டுச் செலவைப் பொதுக் கூட்டத்தில் வாரியத்தின் முன் வைக்க வேண்டும்.

நான்கு மடங்கு என்பது கேட்பதற்குத் தளர்வாகத் தோன்றலாம். ஆண்டுக்கு 6 விழுக்காட்டுக் கூட்டு வட்டியில் 25 ஆண்டுக்கு விட்டால் பணம் 4.3 மடங்காகும்; ஆக, முழு 25 ஆண்டும் எதையும் கட்டாமல் விடும் கடனை இந்த வரம்பு சற்றே தடுக்கிறது, அவ்வளவுதான். இரண்டு மடங்கில் முடிய வேண்டிய கடன் மூன்றரை மடங்காவதை இன்றைய சட்டமும் அனுமதிக்கிறது. முன்கூட்டி அடைக்கும் உரிமையைக் கட்டாயமாக்கியதுதான் இந்தச் சட்டத்தின் மிகப் பயனுள்ள பகுதி என்பது என் கருத்து. டெக்சாஸ் மாநிலமும் 2015-இல் இத்தகைய பத்திரங்களுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது.

இன்னும் நிற்கும் கடன்

புதிய சட்டம் முன்பே விற்ற பத்திரங்களைத் தொடாது. 98.1 கோடி டாலரை 2033 முதல் 2051 வரையிலான 19 ஆண்டுகளுக்குச் சராசரியாகப் பங்கிட்டால் ஆண்டுக்கு 5 கோடி டாலருக்கு மேல் வருகிறது. அதை 55 டாலர் விகிதத்தில் மட்டுமே திரட்ட வேண்டுமானால், வரிக்குட்பட்ட சொத்து மதிப்பு 9,000 கோடி டாலருக்கு மேல் இருந்தாக வேண்டும். மதிப்பு அந்த அளவுக்கு உயருமா என்பது வீட்டுச் சந்தையின் கையில் இருக்கிறது. ஒன்று மட்டும் உறுதி: 2008-இல் வாக்களித்த பெற்றோரின் பிள்ளைகள், தாங்கள் படித்த பள்ளிக்கான கடனைத் தங்கள் நடுவயதில் கட்டுவார்கள். இன்று அங்கே வீடு வாங்கிக் குடியேறுபவர், தாம் வாக்களிக்காத கடனுக்கு, தம் பிள்ளைகள் பள்ளியை முடித்த பிறகும் வரி செலுத்துவார். ஒரு கட்டடம் ஐம்பது ஆண்டு நிற்குமானால் அதன் செலவைப் பின்வரும் தலைமுறையோடு பகிர்ந்துகொள்வது நியாயம்தான்; நெடுங்காலக் கடனின் அடிப்படையே அது. ஆனால் முதல் 22 ஆண்டு அனுபவிப்பவர் எதுவும் தராமல் பின்வருபவரே முழுவதையும் தர வேண்டும் என்பது பகிர்வு ஆகாது. அதிலும், 2033-இல் பல பள்ளிகளின் குளிர்சாதனங்களும் கூரைகளும் அடுத்த புதுப்பிப்புக்குக் காத்திருக்கும்.

இதன் பாதிப்பு வாக்குப் பெட்டியிலும் தெரிந்தது. 2020 மார்ச்சில் பவ்வே மாவட்டம் பள்ளிகளைச் சீரமைக்க 44.8 கோடி டாலர் கடனுக்கு மீண்டும் ஒப்புதல் கேட்டது. எதிர்த்தவர்கள் 2011-ஆம் ஆண்டு விற்பனையையே முதன்மையான வாதமாக வைத்தார்கள். பாதிக்கும் மேற்பட்டோர் ஆதரித்தும் திட்டம் 55 விழுக்காட்டை எட்டாமல் தோற்றது. அதே நாளில் மாநில அளவில் 1,500 கோடி டாலர் பள்ளிக் கட்டடக் கடனும் தோற்றதால், இந்தத் தோல்விக்கு 2011 மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆயினும், ஒருமுறை ‘வரி உயராது’ என்று கேட்டு ஏமாந்ததாக நினைக்கும் ஊரில், உண்மையான தேவையைச் சொல்பவரின் வார்த்தையும் எடுபடாமல் போகிறது.

2017-இல் இயற்றப்பட்ட மற்றொரு சட்டம், உள்ளாட்சிக் கடன் முன்மொழிவுகளில் ஆண்டுக்கு எவ்வளவு பணம் திரட்டப்படும், வரி விகிதம் என்ன, எவ்வளவு காலம் நீடிக்கும் என்பவற்றை வாக்குச்சீட்டிலேயே அச்சிட வேண்டும் என்றது. இது பெரிய முன்னேற்றம். இருந்தும் ஓர் ஓட்டை மீதமிருக்கிறது. வாக்கெடுப்பு ஓர் ஆண்டில் நடக்கும். பத்திரங்கள் அடுத்த ஐந்தாறு ஆண்டுகளில் பகுதி பகுதியாக விற்கப்படும். எந்த வகைப் பத்திரம், எத்தனை ஆண்டு முதிர்வு என்பதை வாரியம் விற்கும் நேரத்தில்தான் முடிவு செய்யும். வாக்குச்சீட்டில் இருந்தது அன்றைய மதிப்பீடு மட்டுமே. பவ்வேயில் சறுக்கியதும் இந்த இடைவெளியில்தான். வாக்குச்சீட்டில் சொன்ன காலத்தையோ மொத்தத் தொகையையோ குறிப்பிட்ட அளவுக்கு மேல் மீறும் எந்த விற்பனையையும் வாரியம் மறுபடி வாக்காளரிடம் கொண்டுசெல்ல வேண்டும் என்றும், மேற்பார்வைக் குழுவுக்கு ஒவ்வொரு விற்பனையின் முதிர்வு அட்டவணையையும் விற்பனைக்கு முன்பே பார்த்துக் கருத்துச் சொல்லும் உரிமை வேண்டும் என்றும் சட்டம் விதிப்பது கடினமான காரியம் அல்ல. அதற்குத் தேவையான எண்கள் எல்லாம் ஆலோசகரின் அட்டவணையில், விற்பனைக்குப் பல வாரங்களுக்கு முன்பே, ஆண்டு வாரியாக எழுதப்பட்டிருக்கின்றன.